பொருளின் அமைப்பும் குழுவின் அமைப்பும்

நம் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்றொரு கட்டடம் இருந்தது, இன்று இல்லை. 1981-ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ என்பார் தம் பள்ளித் தோழருடன் அங்கே கணிப்பொறி பழுதுபார்க்கும் கடையொன்றைத் திறந்தார். கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. ஒரு பொருளின் அமைப்புக்கும் அதனைச் செய்யும் குழுவின் அமைப்புக்கும் உள்ள உறவை அறிய அக்கடையின் வரலாறு பெரிதும் உதவும்.

தமிழாசிரியர்க்கு இவ்வுறவு புதிதன்று. செய்யுளைத் தொகைநிலை, தொடர்நிலை எனப் பிரிக்கின்றோம் அல்லவா? குறுந்தொகையைப் பாடியோர் 200-க்கும் மேற்பட்டோர். அவர்கள் ஒருவரையொருவர் கண்டிருக்க வேண்டியதில்லை. திணை மரபும் அடியளவும் பொதுவாக இருந்தால் போதும். சிலப்பதிகாரத்தை அவ்வாறு பலருக்குப் பங்கிட்டுப் பாடுவித்தல் இயலுமா? புகார்க் காண்டத்தை அறியாதவர் மதுரைக் காண்டத்தைப் பாட முடியாது. கருவிகளிலும் இவ்விரு வகையும் உண்டு.

கிரியேட்டிவ் நிறுவனத்தார் முதலில் நாடியது தொடர்நிலையையே. சீன எழுத்தும், வண்ணப் படமும், பேச்சும் இசையும் ஒருங்கே அமைந்த கியூபிக் என்னும் முழுக் கணிப்பொறியைச் செய்தனர். ஆனால் அதன் திறனைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் மிகச் சிலவே, வாங்குவாரும் குறைவு. சிறு குழுவொன்று எல்லா உறுப்பையும் தானே சுமப்பது எளிதா?

இதற்கிடையே, கடை திறந்த அதே 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஒரு கணிப்பொறியை வெளியிட்டிருந்தது. விரைவில் முடிக்க வேண்டி, போகா ரட்டோனில் இருந்த தனிக் குழுவொன்று மூளைச் சில்லை இன்டெலிடமும் இயக்க மென்பொருளை மைக்ரோசாப்டிடமும் பெற்றது. பலகைகளைச் செருக இடம் விட்டு, அதன் நுட்ப விவரங்களையும் நூலாக வெளியிட்டது. ஐ.பி.எம். குழுவைக் கேளாமலே எவரும் ஒரு பலகை செய்யலாம் என்றாயிற்று. முழுக் கணிப்பொறியில் தோற்றவர்கள் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒற்றை ஒலிப்பலகையால் உலகச் சந்தையை வென்றனர்.

குழுவின் பேச்சுவழிகளே பொருளில் படியும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். அதனை விதி என்பர். எனக்கோ அது பாதி உண்மையாகவே படுகிறது. இங்கே பொருளில் விடப்பட்ட இணைப்பிடமன்றோ சைனாடவுன் குழுவுக்கு வாழ்வளித்தது!

ஆயினும் அவ்விணைப்பிடம் அவர்களுடையதன்று. 1997-இல் இன்டெல் ஓர் ஒலி நியமத்தை வகுத்தது. அதன்பின் ஒலி உறுப்பு மெல்ல மெல்லத் தாய்ப்பலகையிலேயே குடியேறிவிட்டது.