பச்சைச் சட்டை, உள்ளே வா!

படியில் தொங்கிக்கொண்டு வருகிற பையனைப் பார்த்து, "ஏய் பச்சைச் சட்டை, உள்ளே வா!" என்று சத்தம் போடுகிறார் பஸ் கண்டக்டர். பையன் உள்ளே வருகிறான். சட்டைக்கு எப்படிக் காது கேட்டது என்று பஸ்ஸில் ஒருவரும் திகைப்பதில்லை. பூக்காரம்மாவிடம் "ரெண்டு முழம் குடுங்க" என்றால் மல்லிகைச் சரத்தை அளந்து தருகிறார். பால் பூத்தில் "அரை லிட்டர்" என்றாலே போதும், பாக்கெட் கைக்கு வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஆகுபெயர் என்று பெயர். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. நீட்டலளவை, முகத்தலளவை என்று உட்பிரிவுகள் வேறு. இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த கையோடு மறந்தவர்கள்தான் அதிகம்.

இதைத் தொல்காப்பியர் எந்த இடத்தில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். உவமைக்குப் பொருளதிகாரத்தில் தனி இயலே ஒதுக்கி, அதைச் செய்யுளியலுக்கு முன்னால் வைத்தார். ஆகுபெயரை அங்கே சேர்க்கவில்லை. சொல்லதிகாரத்தில், வேற்றுமை உருபுகளைப் பற்றிப் பேசுகிற பகுதியில் கொண்டுபோய் வைத்தார். ஐ, ஆல், கு எப்படியோ அப்படித்தான் இதுவும், வாயைத் திறந்தாலே வந்துவிடுகிற சமாச்சாரம். பல நூற்றாண்டுகள் கழித்து, வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி வந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வரிசைப்படுத்தியது. அருமையான நூல்தான். ஆனால் அந்தப் பட்டியலே பாடப்புத்தகமாகிவிட்டதில், அணி என்றால் கவிதைக்குப் பூட்டுகிற நகை, கழற்றி வைத்தாலும் பேச்சு நடக்கும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது.

மேல்நாட்டிலும் இதே எண்ணம்தான் நெடுநாள் இருந்தது. ஒரு வாக்கியம் காதில் விழுந்ததும் மூளை முதலில் நேர்ப்பொருளைப் பார்க்கும், அது பொருந்தாவிட்டால்தான் வேறு பொருள் தேடும் என்றார்கள். 1982இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சாம் குளுக்ஸ்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். நேர்ப்பொருளில் அது சரியா தவறா என்று மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 'சில கிளிகள் மேசைகள்' போன்ற வாக்கியம் வந்தால் சட்டென்று 'தவறு'. 'சில வேலைகள் சிறைகள்' போன்றது வந்தால்? நேர்ப்பொருளில் அதுவும் தவறுதான். ஆனால் விரல் தயங்கியது. 'தவறு' என்று அழுத்தக் கூடுதல் நேரம் பிடித்தது. நேர்ப்பொருளை மட்டும் பார் என்று சொல்லியும் உருவகப் பொருள் கேட்காமலேயே வந்து குறுக்கே நின்றிருக்கிறது. முதல் படி, இரண்டாம் படி என்ற கணக்கு அங்கே அடிபட்டுப்போனது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1980இல், ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார்கள். அன்றாடச் சிந்தனையே உருவகத்தில்தான் நடக்கிறது என்பது அவர்கள் வாதம். விலைவாசி ஏறுகிறது, காய்ச்சல் இறங்குகிறது என்கிறோம். விலைக்கு ஏது படிக்கட்டு? குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் உயர்வதையும், களத்தில் நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் வளர்வதையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதிகம் என்றால் மேலே என்ற முடிச்சு அப்படி விழுகிறது என்றார்கள். எல்லா உருவகத்துக்கும் இப்படி உடம்பில் வேர் தேட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் 2012இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அவர்கள் பக்கம் பேசியது. 'மோசமான நாள்' என்பது போன்ற தொடரைக் காட்டிலும் 'கரடுமுரடான நாள்' என்பது போன்றதைக் கேட்டபோது, விரலால் சொரசொரப்பைத் தடவி உணர்கிற மூளைப்பகுதி கூடுதலாக வேலை செய்தது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது, 1977இல் எல்லன் வின்னரும் ஹோவர்டு கார்ட்னரும் மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் செய்த சோதனை. இதயம் கனத்துப்போயிருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, நான்கு படங்களில் பொருத்தமானதைக் காட்டச் சொன்னார்கள். ஒரு படத்தில் ஒருவர் அழுகிறார். இன்னொன்றில் ஒருவர் மாபெரும் சிவப்பு இதயத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிறார். மூளையின் வலப்பாதி பழுதானவர்கள் பலமுறை தள்ளாடுகிற ஆளையே காட்டினார்கள். அந்தப் படம் அவர்களுக்கு வேடிக்கையாகவும் படவில்லை. விசித்திரம் என்னவென்றால், வாக்கியத்துக்கு வாயால் விளக்கம் கேட்டபோது பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். இடப்பாதி பழுதாகிப் பேச்சுத் தடுமாறியவர்கள் நேர்மாறு: விளக்கம் வரவில்லை, ஆனால் அழுகிற படத்தைச் சரியாகத் தொட்டார்கள், இதயம் சுமக்கிற ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்காக உருவகம் வலப்பாதியில்தான் குடியிருக்கிறது என்று பட்டா எழுதிக் கொடுத்துவிட முடியாது. பின்னாளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள், உருவகத்தைக் கேட்கும்போது இரண்டு பாதிகளும் வேலை செய்வதைக் கண்டார்கள்.