கமரா கற்றுத்தரும் பார்வை

கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கலாமே, டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமரா எதற்கு? அதன் வில்லையினூடாக வரும் ஒளியை 45 பாகை சாய்ந்த ஆடியொன்று மேலே தெறிக்கச் செய்கிறது. ஐங்கோண அரியம் அதனை நிமிர்த்தி எமது கண்ணுக்குத் தருகிறது. நாம் காண்பது மின்திரை காட்டும் உருவையன்று. வில்லைக்குள் வந்த அதே ஒளியை.

பொருளிலிருந்து வரும் ஒளியாலேயே கண் காண்கிறது என, ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம் விளக்கினார்.

1/1000 செக்கனில் பறவையின் சிறகு உறைந்து நிற்கும். 1 செக்கனில் அருவி பட்டுத்துணியாகும். எது வேண்டுமென்று தீர்மானிப்பவர் நாமே.

பொத்தானை அழுத்தியதும் ஆடி உயர்ந்து, ஷட்டர் திறந்து, ஒளி உணரியில் படம் பதிகிறது. அக்கணம் எமது கண்ணுக்கு இருள். படம் பதியும் நொடியை எடுப்பவரே காண்பதில்லை! ஆகவே, அழுத்துமுன் நன்றாகப் பார்த்துவிட வேண்டும்.