லாரி தண்ணீர் முழுசா வந்துச்சா? குச்சியும் டேப்பும் போதும்... நீங்களே கண்டுபிடிக்கலாம்!

கோடை வந்தாலே பல வீடுகளில் லாரி தண்ணீர்தான். 6,000 லிட்டர் என்று சொல்லி காசு வாங்குகிறார்கள். சம்ப்பில் விழுந்தது 6,000 லிட்டர்தானா? மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

முதலில் இதை தெரிஞ்சுக்கோங்க:

* 1 மில்லி லிட்டர் = 1 கன சென்டிமீட்டர். இதைத்தான் 'சிசி' என்கிறோம்
* 1 லிட்டர் = 1,000 மில்லி லிட்டர்
* 1 கன மீட்டர் = 1,000 லிட்டர் = 1 கிலோ லிட்டர்

குழப்பம் எங்கே வருது?

1 மீட்டர் என்பது 100 செ.மீ. அதனால் 1 கன மீட்டர் என்பது 100 கன செ.மீ. என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. நீளம், அகலம், உயரம் மூன்றும் தலா 100 செ.மீ. என்பதால், 100 x 100 x 100 = 10 லட்சம் கன செ.மீ. அதை 1,000-ஆல் வகுத்தால் 1,000 லிட்டர் கிடைக்கும்.

சம்ப்பில் அளப்பது எப்படி?

உங்க சம்ப்பின் உட்புற நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர் என வைத்துக்கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். தண்ணீர் 1 செ.மீ. ஏறினால் 60 லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் 6,000 லிட்டருக்கு சரியாக 100 செ.மீ. ஏற வேண்டும்.

லாரி வந்ததும் குச்சியை நேராக விட்டு, நனைந்த உயரத்தை குறிச்சுக்கோங்க. தண்ணீர் நிரப்பிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்க. 90 செ.மீ. மட்டும்தான் ஏறியிருந்தால், 600 லிட்டர் குறைவு. அதாவது, 15 லிட்டர் பக்கெட்டில் 40 பக்கெட் தண்ணீர்!

கவனிக்க வேண்டியவை:

* டேப்பில் அடி, இஞ்ச் பக்கம் வேண்டாம். செ.மீ. பக்கத்தை பாருங்க
* சுவரின் கனம் சேரக்கூடாது, உட்புற அளவுதான் முக்கியம்
* தண்ணீர் இறங்கும்போது வீட்டு மோட்டாரை போடாதீங்க
* அளப்பதற்காக சம்ப்புக்குள் இறங்கவே கூடாது. மூடிய தொட்டியில் மூச்சுத்திணறல் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு, 'ஒரு செ.மீ.க்கு எத்தனை லிட்டர்' என்பதை சம்ப் மூடியிலேயே எழுதி வைங்க. அடுத்த லாரி வரும்போது குச்சி ஒன்றே போதும்.