30 பவுண் சால்வையின் கணக்கு

கடந்த தைப்பொங்கல் விழாவில் எங்கள் மேசையில் இருந்த சால்வை ஒன்று 30 பவுணுக்கு விற்றது. மயில்கழுத்து நீலம், ஓரத்தில் மஞ்சள், நடுவில் வரிசை வரிசையாக அன்னாசி. வாங்கிய அக்கா நல்ல மனத்தோடுதான் வாங்கினார். காசைத் தரும்போது மட்டும், "கடையில இதைவிட மலிவாக் கிடக்குது பிள்ளையள், எண்டாலும் எங்கட ஆக்கள் எண்டு எடுக்கிறன்" என்றார். பின்னியவர் சிரித்துக்கொண்டே காசை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சொல் எங்களுக்குத் தைத்தது.

நாங்கள் எட்டுப் பேர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் லண்டனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை பின் மண்டபத்தில் இருந்து குறோசே பின்னுகிறோம். எங்களில் காசுக் கணக்கு வைத்திருப்பவர் ஊரில் வணிகமாணி முடித்தவர். அகதியாக இங்கே வந்து பல வருடங்களாகக் கடைகளுக்குக் கணக்கெழுதுபவர். ஆகையால் அந்தச் சொல்லையும் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். அதற்கு முன், இந்தப் பின்னல் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் விலை விளங்காது.

ஊரில் இதை நாங்கள் 'றேந்தை' என்ற பொதுப்பெயருக்குள் அடக்கிவிடுவோம். போர்த்துக்கேயரின் 'ரெந்தா' என்ற சொல் எங்களிடம் தங்கி றேந்தை ஆனது. றேந்தையில் பல வகை உண்டு. குறோசேக்கு வேண்டியது நுனியில் கொக்கி உள்ள ஒரேயொரு ஊசி. இரண்டு ஊசியால் சுவெற்றர் பின்னும்போது ஊசி நிறையக் கண்ணிகள் காத்திருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை ஓடும். குறோசேயில் எந்த நேரமும் உயிரோடிருப்பது ஒரே கண்ணிதான். அந்தக் கண்ணிக்குள்ளால் நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. அதையே தொடர்ந்து செய்தால் சங்கிலி. ஊசியில் நூலை ஒரு தரம் சுற்றிவிட்டு இழுத்தால் உயரமான தையல், சுற்றாமல் இழுத்தால் குட்டைத் தையல். அடிப்படை இவ்வளவுதான். கையிலிருந்து ஊசியை வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து அதே கண்ணியில் தொடரலாம் என்பதால்தான் வீட்டுப் பெண்களிடம் இது நிலைத்தது என்று நினைக்கிறோம்.

இலை எப்படி வருகிறது என்று பலர் கேட்பார்கள். பத்துப் பன்னிரண்டு சங்கிலி போடுங்கள், அது நடுநரம்பு. அதன்மேல் முதலில் குட்டைத் தையல், அடுத்து அரை உயரம், அடுத்து முழு உயரம், நடுவில் அதைவிட நெட்டை, பிறகு அதே ஒழுங்கில் இறங்கி நுனியில் மீண்டும் குட்டை. சங்கிலியின் மறுபக்கமும் அப்படியே. தையல்களின் உயரம் ஏறி இறங்குவதால் நடுப் பருத்து இரு முனையும் கூர்ந்த வேப்பிலை கிடைத்துவிடும். வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை.

அன்னாசி கொஞ்சம் கடினம். ஒரே இடத்தில் ஏழெட்டு நெட்டைத் தையல்களை விசிறிபோல் விரிக்கவேண்டும். அடுத்த வரிசையிலிருந்து அந்த விசிறியின்மேல் சிறு சங்கிலி வளைவுகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வளைவு குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அதுதான் பழத்தின் நுனி. பக்கத்தில் அடுத்த பழம் அப்போதே தொடங்கியிருக்கவேண்டும். ஒரு வரிசையில் எண்ணிக்கை பிழைத்தால் நாலு வரிசை தாண்டித்தான் தெரியவரும். 'ஓட்டை ஓட்டையாப் பின்னுறது சுகம்தானே' என்பவர்களிடம் நாங்கள் வாதாடுவதில்லை. ஊசியைக் கையில் கொடுத்துவிடுவோம். இந்தப் பின்னலில் ஓட்டையும் எண்ணிப் போட்டதுதான். மீன்வலையில் கண் அளவு தவறினால் வலை எதற்கும் உதவாது என்பது கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒரே பெயரை வெவ்வேறு தையலுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே 'டபிள் குறோசே' என்றால் குட்டைத் தையல். அமெரிக்காவில் அதே பெயர் நெட்டைத் தையலுக்கு. எங்களில் ஒருவர் இங்கத்தைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தையலை அமெரிக்க யூரியூப்பில் பழகி, மூன்று இரவு பின்னிய போர்வையை முழுதாக அவிழ்த்தார். இலகுவான அடையாளம் ஒன்று உண்டு: குறிப்பில் 'சிங்கிள் குறோசே' என்று எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை. பிரித்தானிய முறையில் அந்தப் பெயரே கிடையாது.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நூல் உருண்டையின் சுற்றுத்தாளில் சாயத் தொகுதி எண் ஒன்று இருக்கும். வேண்டிய உருண்டைகளை ஒரே எண்ணில் ஒரேயடியாக வாங்குங்கள். பிறகு வாங்கினால் அதே நீலம் வேறு நீலமாக வரும். பின்னி முடித்த சால்வை கசங்கிய கடதாசிபோல்தான் இருக்கும், ஏமாறாதீர்கள். நனைத்து, துவாயில் ஒற்றி, பாயில் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் இலையும் பழமும் விரியும். ஆட்டுக் கம்பளி இதற்கு நன்றாகப் பணியும். அக்ரிலிக் நூல் அப்படிப் பணியாது. அயன்பெட்டியின் ஆவியை மிதமிஞ்சிக் காட்டினால் செத்துத் தொய்ந்துவிடும். கைக்குழந்தைக்குப் பின்னுவதானால் பெரிய கண் வேண்டாம், குஞ்சமும் வேண்டாம். சின்ன விரல்கள் மாட்டிக்கொள்ளும்.

இனிக் கணக்கு.

அந்த நீலச் சால்வைக்கு நூல் 200 கிராம். இரண்டு உருண்டை, 15 பவுண். நேரம் 36 மணி. பின்னியவர் பேத்தியின் சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு நாளும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தபடியால் இது ஊகம் அல்ல. 30 பவுணில் நூலைக் கழித்தால் மிச்சம் 15. அதை 36 ஆல் பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 42 பென்ஸ். இந்த நாட்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவரின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. அந்த வீதத்தில் கூலியையும் நூலையும் சேர்த்தால் சால்வையின் விலை 454 பவுண் 56 பென்ஸ் ஆகவேண்டும். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். பின்னியவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்படியானால் கடையில் எப்படி மலிவு? இயந்திரம்தானே என்று நாங்களும் நினைத்திருந்தோம். உண்மை வேறு. சுவெற்றர், காலுறை எல்லாம் இயந்திரம் பின்னுகிறது. ஆனால் கொக்கி ஊசியின் குறோசேயைத் தொழிற்சாலையில் தொகையாகப் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை பாவனையில் இல்லை. குறோசே இயந்திரம் என்ற பெயரில் இருப்பவை வேறு வகைப் பின்னலால் அந்தத் தோற்றத்தை மட்டும் தருகின்றன. ஆகவே மலிவுக் கடையில் தொங்குவது ஒன்றில் போலித் தோற்றம், அல்லது எங்கோ ஒரு பெண் கையால் பின்னியது. இரண்டாவதானால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைக் கணக்கெழுதத் தெரிந்தவர் விலைத்துண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பசியும் இந்த ஊசியும் ஒன்றாக வந்த இடம் ஒன்று உண்டு: அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து அங்கே பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதைவிடக் கூடிய தொகையினர் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளில் கோர்க் நகரத்துக்கு அருகே பிளக்றொக்கில் உர்சுலைன் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குக் குறோசே பழக்கினார்கள். வடக்கே மொனகன் மாவட்டத்தின் குளோனிஸ் என்ற சிற்றூரில், பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் வெளியூரிலிருந்து ஒரு பழக்குநரை வரவழைத்து இதையே தொடங்கிவைத்தார். ஊசியால் தைக்கும் வெனிஸ் றேந்தையை ஒத்த தோற்றம், ஆனால் அதைவிட மிக வேகமாக முடியும். அதுதான் அதன் சந்தை இரகசியம்.

அவர்கள் பின்னியது தங்கள் வேலியோரத்தை: ரோசாப்பூ, மூவிலை, பன்னம், திராட்சைக் கொத்து. தடித்த நூலொன்றை உள்ளே வைத்து அதைச் சுற்றிப் பின்னியதால் பூக்கள் புடைத்து நின்றன. ஒருவர் பூ, ஒருவர் இலை என்று பிரித்துச் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் வலைக்கண்ணால் இணைப்பார்கள். அந்த வலையில் இடையிடையே வரும் சிறு உருண்டை முடிச்சுக்கு இன்றும் குளோனிஸ் முடிச்சு என்றே பெயர். சில குடும்பங்கள் தங்கள் பூவின் முறையை அயலாருக்குக் காட்டவில்லையாம். எங்களுக்கு இது புதினமாகப் படவில்லை. மிளகாய்த்தூள் வறுக்கும் அளவைச் சொல்லாத மாமிமார் எங்களிடமும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்களின் வேலையை அன்று யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை. அது வீட்டு வாடகை, மாவு, சில வீடுகளில் கப்பல் சீட்டு. கூலி குறைவுதான், ஆனாலும் கூலி என்று பெயர் இருந்தது.

மற்றப் பக்கத்துக்கு ஆந்திராவைப் பார்க்கலாம். கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூரைச் சுற்றிய கிராமங்களிலும் மிஷனரிமார் வழியாகக் குறோசே றேந்தை வேரூன்றி, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்குப் பின்னிய அந்தப் பெண்கள் தொழிலாளர்களாகக் கணிக்கப்படவேயில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்ற பெயரே அவர்களின் கூலியைக் கீழே வைத்திருந்தது என்பது அவர் காட்டிய விடயம். இதை எங்கள் வட்டத்தில் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "நாங்களும் அதைத்தானே சொல்லுறனாங்கள்? சும்மா இருந்த நேரத்தில பின்னினது எண்டு?"

சொல்கிறோம்தான். யார் விலை கேட்டாலும் எங்கள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த 'சும்மா'. செலவுப் பக்கத்தில் நூலை எழுதுகிறோம், நேரத்துக்கு நேரே பூச்சியம் போடுகிறோம். பிறகு மலிவு என்று மற்றவர் சொன்னால் மனம் நோகிறோம்.

454 பவுண் யாரும் தரப்போவதில்லை. எனவே இரண்டு முடிவு எடுத்தோம். அன்னாசிச் சால்வை, பேரப்பிள்ளைக்கான போர்வை போன்ற நாட்கணக்கு வேலைகளை இனி விற்பதில்லை. அன்பளிப்பு என்றால் முழுதாக அன்பளிப்பு. விற்பதற்கு வேறு. தடித்த நூலில் அகன்ற கண் வைத்த கழுத்துச் சால்வை ஐந்து மணி நேரத்தில் முடியும். நூல் 6 பவுண், விலை 40. மணிக்கு 6 பவுண் 80 பென்ஸ் நிற்கிறது. இன்னும் சட்டச் சம்பளத்தை எட்டவில்லை, ஆனால் 42 பென்ஸும் இல்லை.

எங்களுக்கே வியப்பைத் தந்தது மூன்றாவது கணக்கு. இரண்டு மணி நேர வகுப்பு, ஆறு பேர், ஆளுக்கு 12 பவுண், மொத்தம் 72. மண்டப வாடகை 30, நூல் 6 போக 36 மிச்சம். மணிக்கு 18 பவுண். பின்னுவதைவிடப் பின்னப் பழக்குவது கூட உழைக்கிறது. இதுவரை வந்தவர்களில் அரைவாசிப் பேர் பக்கத்துத் தெரு வெள்ளைக்காரப் பெண்கள். வேப்பிலையை அவர்கள் வேறு ஏதோ இலை என்று நினைத்துப் பின்னுகிறார்கள், பரவாயில்லை.

விற்பவர்கள் கவனிக்கவேண்டியவையும் உண்டு. சுயதொழிலின் மொத்த வரவு ஒரு வரியாண்டில் 1,000 பவுணுக்கு உட்பட்டால் பொதுவாக வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கத் தேவையில்லை. அது மொத்த வரவு, இலாபம் அல்ல. யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் சிறு தொகையானாலும் அங்கே அறிவிக்கவேண்டும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராதவர்கள் விற்கவே கூடாது. 12 மாதத்துக்கு மேல் காத்திருந்து வேலை அனுமதி கேட்டுப் பெற்றாலும் அதில் சுயதொழில் அடங்காது. 'ஒரு சால்வைதானே' என்று யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லாதீர்கள். ஒரு சால்வைக்காக ஒரு வழக்கைப் பாரப்படுத்தக்கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் எட்டுப் பேரில் ஒரு தங்கச்சி. எல்லோரையும்விட நன்றாகப் பின்னுபவர் அவர்தான். முடிவு வரவில்லை. வாரந்தோறும் கிடைக்கும் உதவித்தொகையில் சமைத்துச் சாப்பிட்டு, பேருந்துக்கும் எடுத்து வைக்கிறார். பொங்கல் மேசைக்குத் தன்னுடைய ஒன்றையும் வைக்கட்டா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னோம்.

அவர் இப்போது ஒரு போர்வை பின்னுகிறார். வேப்பிலை, நடுவில் முருக்கம்பூச் சிவப்பு. நூல் எல்லோரும் மிச்சம் பிடித்துக் கொடுத்தது, ஆகவே சாயத் தொகுதி எண் ஒன்றோடொன்று பொருந்தாது. பச்சையில் மட்டும் நாலு பச்சை. அதுவே இலைக்கு நல்லது என்கிறார். மணிக்கணக்கைச் சீ.ஆர். கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறோம். போன சனிக்கிழமை வரைக்கும் 61 மணி.