ஓசையைக் கொண்டு பழுதை அறிதல்

வீட்டைத் தூய்மை செய்ய உதவும் மின்கருவிகளுள் ஒன்று தூசி உறிஞ்சி. மக்கள் இதனை வேக்குவம் கிளீனர் என்றும் வழங்குவர். இதில் பல வகைகள் உள்ளன. நீண்ட கைப்பிடியுடன் நிமிர்ந்து நிற்கும் வகை, கம்பளம் விரித்த அறைகளுக்கு மிகவும் ஏற்றது. அதன் அடிப்பகுதியில் சுழலும் தூரிகை, கம்பள இழைகளுக்குள் புதைந்த தூசியையும் கிளறி வெளிக்கொணரும்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில், ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் என்பவர் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்து வந்தார். ஆஸ்துமா நோயுற்றிருந்த அவரைக் கம்பளங்களிலிருந்து எழுந்த தூசி பெரிதும் வருத்தியது. எனவே மின்விசிறியின் மோட்டார், துடைப்பத்தின் கைப்பிடி, தலையணை உறை முதலியவற்றைக் கொண்டு அவர் ஒரு கருவியை உருவாக்கினார். 1908ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் வில்லியம் ஹூவர் என்பவர் அவ்வுரிமையை வாங்கி, அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார்.

இயங்கும் முறை

இக்கருவியின் மோட்டார் இரண்டு பணிகளைச் செய்கிறது. முதலாவதாக, அது ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. அதனால் கருவிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தூசியுடன் உள்ளே பாய்கிறது. இரண்டாவதாக, மோட்டாரின் அச்சில் மாட்டப்பட்ட பெல்ட் என்னும் இரப்பர் வார், தூரிகை உருளையைச் சுழற்றுகிறது. உருளையின் இரு முனைகளையும் பேரிங் எனப்படும் தாங்கிகள் தாங்கி நிற்கின்றன. சில கருவிகளில் சக்கரங்களையும் மோட்டாரே உந்துகிறது. அவற்றில் பல்சக்கரங்களும் அமைந்திருக்கும்.

ஓசையின் வகைகள்

நல்ல நிலையில் உள்ள கருவி ஒரே சீரான இரைச்சலுடன் இயங்கும். அவ்விரைச்சல் மாறுமாயின் ஏதோ ஓர் உறுப்பில் குறை உள்ளது என அறியலாம். கடகடவென்னும் ஓசை கேட்டால், சிறு கல்லோ நாணயமோ தூரிகைப் பகுதியில் சிக்கியிருக்கக்கூடும். கிறீச்சிடும் ஓசை, பேரிங் தேய்ந்ததையோ உருளையின் முனைகளில் தலைமுடி சுற்றிக்கொண்டதையோ காட்டும். கிறீச்சொலியுடன் இரப்பர் தீயும் நாற்றமும் வந்தால், பெல்ட் வழுக்குகிறது என்று கொள்ளலாம். இரைச்சலின் சுருதி வழக்கத்தைவிட உயர்ந்து, உறிஞ்சும் ஆற்றல் குறைந்தால், தூசிப்பை நிறைந்திருக்கலாம். அல்லது குழாய் அடைபட்டிருக்கலாம். கருவியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது மட்டும் ஓசை எழுந்தால், சக்கரங்களையும் அவற்றை உந்தும் பல்சக்கரங்களையும் ஆராய வேண்டும்.

பழுதைக் கண்டறியும் முறை

எந்தச் சோதனைக்கும் முன்னர் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். விசையை அணைப்பது மட்டும் போதாது. கை தவறி விசையில் பட்டால் உருளை திடீரெனச் சுழன்று விரல்களைக் காயப்படுத்தும். ஆதலால் பின்வரும் பணிகளைச் சிறுவர் தனியே செய்யாமல், பெரியவர்களின் துணையுடன் செய்தல் வேண்டும்.

பழுதுள்ள உறுப்பு எது என்பதை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தே கண்டறிய வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, அடிமூடியை மீண்டும் பொருத்தி, கருவியைச் சில நொடிகள் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓசை நீடித்தால், பழுது மோட்டாரிலோ விசிறியிலோ உள்ளது. ஓசை நின்றுவிட்டால், பழுது பெல்ட்டிலோ உருளையிலோ உள்ளது.

அடுத்து, மின்செருகியை மீண்டும் பிடுங்கிய பின்னர், உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். அது தடையின்றி, ஓசையின்றிச் சுழன்றால் பெல்ட்டைப் பார்க்கலாம். தளர்ந்தோ, பளபளப்பாகத் தேய்ந்தோ, வெடித்தோ காணப்படும் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். புதிய பெல்ட் அக்கருவிக்குரிய அளவினதாக இருத்தல் இன்றியமையாதது. தளர்வாக இருந்தால் அது வழுக்கும். இறுக்கமாக இருந்தால் பேரிங்கை விரைவில் தேய்க்கும்.

உருளை கரகரவெனத் தடைப்பட்டுச் சுழன்றால், அதில் சுற்றிய முடியையும் நூலையும் கத்தரிக்கோலால் வெட்டி அகற்ற வேண்டும். அதன் பின்னரும் தடை நீங்காவிடில், பேரிங் தேய்ந்துள்ளது எனலாம். ஓசையை அடக்க எண்ணிப் பெல்ட்டில் எண்ணெய் விடுதல் கூடாது. எண்ணெய் இரப்பரைக் கெடுப்பதோடு, வழுக்கலையும் மிகுவிக்கும். மோட்டாரில் பழுது இருந்தால், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறை.

காலத்தாழ்வின் விளைவு

சிறு குறையைப் பொருட்படுத்தாமல் விட்டால் அது பெருஞ்செலவாக வளரும். உருளையின் முனையில் சுற்றிய முடி முதலில் மெல்லிய கிறீச்சொலியையே எழுப்பும். நாளடைவில் அவ்விடத்தில் உராய்வு மிகும். உராய்வினால் வெப்பம் பெருகும். அவ்வெப்பத்தில் பிளாஸ்டிக்காலான முனை உருகிவிடும். சில நிமிடங்களில் கத்தரித்து எறிந்திருக்க வேண்டிய முடியினால், உருளை முழுவதையும் மாற்ற நேரிடும்.

தையல் இயந்திரம், மின்விசிறி, மிதிவண்டி ஆகியவற்றிற்கும் இம்முறை பொருந்தும். ஓசை எப்போது எழுகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்தவரே பழுதின் இடத்தை எளிதில் அறிவர்.