மடிக்கணினி பேட்டரியின் ஆயுள்

மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை, பயன்படுத்தினாலும் சும்மா வைத்திருந்தாலும் மெல்ல மூப்படையும். அந்த மூப்பை விரைவுபடுத்துபவை முக்கியமாக இரண்டு: வெப்பமும், முழு சார்ஜிலேயே நீண்ட நேரம் இருப்பதும்.

முழு சார்ஜில் ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட் அளவில் இருக்கும். அந்த நிலையில் உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிறுகச் சிறுகச் சிதைந்து, மின்முனைகளின் மேல் படலமாகப் படிகிறது. சேமிக்கும் திறன் குறைகிறது. சூடு ஏறினால் இந்த வினை இன்னும் வேகமெடுக்கும். ஆகவே, நாள் முழுவதும் மின் இணைப்பிலேயே இருக்கும் மடிக்கணினியில் 80 விழுக்காட்டோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. பல கணினிகளில் இந்த வசதி உண்டு. தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடு ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வது அதைவிடக் கெடுதல்.

பேட்டரியை அடியோடு தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம். லித்தியம் பேட்டரிக்கு அது நன்மை செய்வதில்லை; 20 விழுக்காடு வாக்கிலேயே சார்ஜரைச் செருகிவிடலாம். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால், பாதி சார்ஜில், சூடில்லாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்தி, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும்.