தேய்ந்த எழுத்தும் தேயாத புள்ளியும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நெருங்குகையில் தெருச்சுவர்கள் சுவரொட்டிகளால் நிறைகின்றன. வெயில் மையை வெளுக்கச் செய்கிறது; ஆடிக்காற்று தாளின் ஓரத்தைக் கிழிக்கிறது. விழா முடிந்து சில நாள்களில் அத்தடித்த எழுத்துகள் ஆங்காங்கே உதிர்ந்து, பழங்கல்வெட்டின் சாயலைப் பெற்றுவிடுகின்றன. காலம் செய்யும் இவ்வேலையைக் கணினியில் வேண்டுமென்றே செய்து உருவாக்குவதே சிதைவுத் தோற்ற எழுத்துரு.

இத்தோற்றத்தின் வேர் மரஅச்சில் உள்ளது. விளம்பரத்திற்குரிய பேரெழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் எடையும் விலையும் மிகும். எனவே அவற்றை மரத்தில் செதுக்கினர். 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் மரஎழுத்துகளைப் பொறியால் பெருமளவில் உருவாக்கும் வழியைக் கண்டார். பலமுறை அச்சிட்டபின் மரத்தின் விளிம்பு சிதையும். மை ஒரே சீராகப் பரவாது. அன்று அச்சகத்தார் குறையெனக் கருதியதை இன்று வடிவமைப்பாளர் விரும்பித் தேடுகின்றனர் என்பது வியப்பே!

திரைப்படத் தலைப்பு, நூலின் மேலட்டை, நாடக விளம்பரம் ஆகியவற்றில் இவ்வெழுத்துரு சிறக்கும். பழமை, உழைப்பு, சினம் முதலிய உணர்வுகளைச் சொல்லின் பொருளைப் படிக்குமுன்பே கண்ணுக்கு அது உணர்த்திவிடும். ஆயினும் இரண்டு மூன்று சொற்களுக்கே அது தகும். பத்தி முழுவதையும் அதில் அமைத்தால் கீறல்கள் எழுத்தோடு போட்டியிட்டுக் கண்ணைச் சோர்வடையச் செய்யும். போலித்தன்மை வெளிப்படும் இடமும் ஒன்றுண்டு. ‘அப்பா’ என்னும் சொல்லில் வரும் இரு பகரங்களும் ஒரே இடத்தில் ஒரே அளவில் உடைந்திருந்தால் அது இயற்கைத் தேய்மானம் அன்று என்பது உடனே புலப்படும். அதனால் நல்ல எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கே பல மாற்று வடிவங்கள் தரப்படுகின்றன.

தமிழில் இடர் இன்னும் பெரிது. ஆங்கில எழுத்தின் விளிம்பு சிறிது உதிர்ந்தாலும் சொல் பெரும்பாலும் மாறுவதில்லை. தமிழிலோ ஒரு புள்ளி மறைந்தால் ‘மண்’ என்பது ‘மண’ ஆகிவிடும். ஏகாரத்தின் கீழுள்ள சிறு கோட்டைக் கீறல் விழுங்கினால் ‘ஏரி காப்போம்’ என்னும் அழைப்பு ‘எரி காப்போம்’ என நிற்கும். தடித்த வடிவில் சுழிகளின் இடைவெளி குறைவதால் ‘மனம்’, ‘மணம்’ ஆகியவற்றின் வேறுபாடும் மங்கும்.

இவ்விடர் நம் மொழிக்குப் புதிதன்று. பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. படிப்பவர் இடமறிந்தே குறிலையும் நெடிலையும், மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்துணர வேண்டியிருந்தது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவிலேயே தெளிவாக்கியவர் வீரமாமுனிவர். அவர் தீர்த்துவைத்த குழப்பத்தை அலங்காரத்தின் பெயரால் மீண்டும் வரவழைப்பது முறையாகாது.

ஆகவே தமிழ் எழுத்துருவில் கீறல்களை அகன்ற கோடுகளின் நடுவிலும் புறவிளிம்பிலும் இடுவர். புள்ளியையும் சுழியையும் துணைக்காலையும் சிதைக்காமல் விடுவர். பின்னர் அச்சிட்ட தாளைத் தெருவின் ஒரு பக்கச் சுவரில் ஒட்டி, எதிர்ப்பக்கத்தில் நின்று படித்துப் பார்ப்பர். புள்ளி தெரியாவிடில் கணினிக்குத் திரும்பிச் சில கீறல்களை அழிப்பர்.